இரண்டு மில்லிமீட்டர் மரணம்!

செல்போன் அலறியது.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் எதிரே இருந்த ஹோட்டலில், சாம்பார் சாதத்தை உருட்டி முதல் கவளத்தை எடுத்திருந்தாள் வெங்கடேஸ்வரி. இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"மேடம்... ஜோயல் பேசுதேன்..."

ஜோயல், மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் கல்குவாரியின் வெடி ஃபோர்மேன். பாறையைப் பிளக்கும்போதுகூட நடுங்காத குரல் அது.

இப்போது நடுங்கியது!

"என்னாச்சு ஜோயல்?"

"இப்பத்தான் வெடி போட்டோம் மேடம். சமுத்திரம் அண்ணாச்சி மாட்டுக்கொட்டகைச் சுவரு இடிஞ்சி விழுந்துட்டு. அவிய அடியில மாட்டிக்கிட்டாவ..."

"உயிருக்கு...?"

"இல்ல மேடம். போயிட்டாவ!"

கவளம் இலையில் விழுந்தது.

வெங்கடேஸ்வரி பூமி அதிர்வுக் கணக்கு போடுகிறவள். பாறையில் ஆழமாகக் குழி துளைத்து மருந்து இறக்கி வெடித்தால், அந்த அதிர்ச்சி தரைக்குள் ஓடி எந்த வீட்டை எவ்வளவு ஆட்டும் என்பதை வெடிக்கும் முன்பே சொல்ல வேண்டும். எவ்வளவு மருந்து, எவ்வளவு தூரம், நடுவில் எப்படிப்பட்ட பாறை... இதை வைத்துத்தான் கணக்கு. அவள் 'சரி' என்று சொன்னால்தான் ஜோயல் பட்டனை அழுத்துவான்.

இன்றைக்கும் சொல்லியிருந்தாள்.

சமுத்திரம் வீட்டில் தரை நொடிக்கு இரண்டு மில்லிமீட்டர் வேகத்தில் அசையும். அவ்வளவுதான். வாசலில் தண்ணி லாரி போனாலே ஏறக்குறைய அந்த அளவு ஆடும். சுவரில் தலைமுடி மாதிரி ஒரு கீறல் விழவே அதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

அப்படியானால் சுவர் எப்படி விழுந்தது?

கணக்கு தப்பா?

தப்பென்றால்... ஒரு மனிதனைக் கொன்றது அவள் போட்ட கணக்கு!

கை கழுவக்கூட மறந்து ஸ்கூட்டரை நோக்கி ஓடினாள்.

*

மம்சாபுரத்தின் கடைசித் தெருவைத் தாண்டி, தென்னந்தோப்பை ஒட்டியிருந்தது சமுத்திரத்தின் வீடு. ஊரே அங்கேதான் நின்றது.

கூட்டத்தின் நடுவே ஒரு மைக் செட் ஜீப். அதன் மேல் வெள்ளைச் சட்டையில் பொன்னுராஜ்.

ராஜபாளையத்தில் மணல், ஜல்லி வியாபாரம். கல்குவாரி எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவர். குவாரியை மூடச் சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சமுத்திரத்தின் பெயரில் வழக்குப் போட வைத்தவரும் அவரே.

"பட்டாளத்துல குண்டுக்குத் தப்பி வந்த மனுசன், சொந்த ஊர்ல வெடிக்குப் பலியாயிட்டாரு! குவாரிய மூடுற வரைக்கும் ஓய மாட்டோம்!"

"மூடு! மூடு!"

வெங்கடேஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு கை அவள் துப்பட்டாவைப் பற்றி இழுத்தது.

கருத்தம்மா! செத்துப்போனவரின் மனைவி.

"ஏட்டி! ஆடாது, ஆடாதுன்னு சொன்னியே! பால்கோவா கடைக்குப் பால் குடுத்துட்டுத் திரும்பி வாரேன், எம் புருசன மண்ணுக்குள்ள இருந்து தோண்டிக்கிட்டு இருக்காவ! இதுதான் ஒங் கணக்காட்டி? சொல்லுட்டி!"



"விடுங்கம்மா. விசாரிக்கணும்."

பிடியை விலக்கிவிட்டது இன்ஸ்பெக்டர் ஞானதுரை. கனத்த மீசை. அதைவிடக் கனத்த பார்வை.

"நீங்கதானா அந்தக் கணக்குக்காரம்மா? வாங்க."

கொட்டகையின் பின்சுவர் முழுசாகச் சரிந்து கிடந்தது. பழைய மண் சுவர். கல்லும் மண்ணும் கலந்த குவியல். வெங்கடேஸ்வரியின் கண்கள் கொட்டகையின் மூலைக்குத் தாவின.

திடுக்கிட்டாள்!

"சார்... என் கருவியக் காணோம்!"

"என்ன கருவி?"

"தரை ஆட்டத்த அளக்குற டப்பா. டிபன் கேரியர் சைஸ்ல, நீலக் கலர். 'எங்க வீட்டு ஆட்டத்த எங்க வீட்டுலயே அளந்து காட்டு தாயி'ன்னு சமுத்திரம் அண்ணாச்சிதான் கேட்டாங்க. அந்த மூலையில குழி வெட்டிப் பதிச்சிருந்தேன்."

மூலையில் குழி மட்டும் இருந்தது. அதைச் சுற்றி மண் கிளறிக் கிடந்தது. சுவர் அந்தப் பக்கம் விழவே இல்லை.

ஞானதுரை குழியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அந்த டப்பா இருந்தா ஒங்க கணக்கு தப்புன்னு தெரிஞ்சிருமோ?"

"சார்!"

"கேக்குறது என் வேல. ஸ்டேஷனுக்கு வாங்க."

*

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் லேப்டாப்பைத் திறந்து மேஜை மேல் வைத்தாள் வெங்கடேஸ்வரி.

"அந்தக் கருவிக்குள்ள சிம் இருக்கு சார். தரை ஆடினா பதிவு பண்ணி எனக்கு அனுப்பிரும். திருடினவனுக்கு அது தெரியாது. பாருங்க... இன்னைக்கு மத்தியானம் வந்தது."

திரையில் ஒரு கோடு. முதலில் காட்டுத்தனமாக மேலும் கீழும் குதித்தது. அடங்கியது. சற்றுத் தள்ளி, குட்டியாக, அழகாக இன்னொரு அலை.

"முதல்ல வர்றது என்ன?"

"சுவர் விழுந்தது."

"ரெண்டாவது?"

"வெடி. நான் சொன்ன அதே ரெண்டு மில்லிமீட்டர்!"

ஞானதுரை நாற்காலியை முன்னே இழுத்தார்.

"இரும்மா. சுவரு முன்னாடியே விழுந்துட்டு... பொறவுதான் வெடியே வெடிச்சிருக்கா?"

"ஆமா சார்! வெடி போட்டு விழுந்த சுவர் இல்ல. வெடி மேல பழி போட விழுந்த சுவர்!"

ஜோயலையும் வரவழைத்திருந்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

"நெசந்தான் சார். மூணாவது சங்கு ஊதுனதும் பட்டன அமுக்கிருவேன். ஊருக்கே அது தெரியும். இன்னைக்கு ஒரு வெள்ளாடு குறுக்க வந்துட்டு. அத வெரட்டுற வரைக்கும் செத்த நேரம் நிப்பாட்டினேன்."

"சங்குச் சத்தத்த நம்பி எவனோ சுவரத் தள்ளியிருக்கான்..." ஞானதுரை முணுமுணுத்தார். சட்டென்று நிமிர்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஒங்க கருவி. ஒங்க கணக்கு. ஒங்க கம்ப்யூட்டர். இந்தக் கோட்ட நீங்களே வரைஞ்சிருந்தா?"

"நானா?"

"கோர்ட்டுல வக்கீல் கேப்பாரும்மா. அந்த டப்பா கையில கெடச்சாத்தான் இதுக்கு மதிப்பு."

அப்போது அவர் போன் ஒலித்தது. ஆஸ்பத்திரி டாக்டர்.

கேட்கக் கேட்க ஞானதுரையின் முகம் இறுகியது.

"மூக்குல, தொண்டையில ஒரு துளி மண்ணு இல்லியா...? சரி டாக்டர்."

போனை வைத்தார்.

"சுவரு விழும்போது சமுத்திரத்துக்கு மூச்சு இல்ல. பின்மண்டையில கம்பியால அடிச்சிருக்கான். கொலை!"

வெங்கடேஸ்வரி கண்களை இறுக்க மூடித் திறந்தாள். கணக்கு தப்பவில்லை. ஆனால் அந்த நிம்மதிக்கு ஆயுசு ஒரு மூச்சுதான்.

டிங்!

அவள் போனில் ஒரு செய்தி. மறுபடி டிங்! டிங்!

"யாரும்மா அது?"

போனைப் பார்த்துவிட்டு அதை அவர் பக்கம் திருப்பினாள்.

"என் கருவி சார்! குதிக்குது... திரும்பக் குதிக்குது... குழி, மேடு, ஸ்பீடு பிரேக்கர்... அது ஏதோ வண்டியில போய்க்கிட்டு இருக்கு!"

"எங்கன?"

"தெரியாது சார். டவர் ஒண்ணுதான். இந்த வட்டாரம் முழுக்க அதே டவர்!"

டிங்!

*

விடிய விடிய அந்தப் போன் சிணுங்கிக்கொண்டே இருந்தது. வண்டி நிற்கும்போது அடங்கும். நகரும்போது அலறும். கொலைகாரனுக்கும் தூக்கமில்லை. அவளுக்கும் இல்லை.

ஒவ்வொரு சிணுங்கலுக்கும் கருவியின் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது.

ராஜபாளையத்திலிருந்து அம்மா போன் பண்ணினாள், வீட்டுத் தெலுங்கு கலந்து. "இண்டிகி ராவே... போதும், வீட்டுக்கு வந்துரு."

"வாரேன்மா. இன்னும் முடியல."

காலையில் ஜோயல் ஓடி வந்தான்.

"சார், குவாரிய மூடிட்டீய. சரி. ஆனா அடுத்த வரிசைக் குழியில மருந்து இறக்கி வச்சிருக்கு. அத அப்படியே விடக் கூடாது. இன்னைக்கே வெடிச்சுத் தீக்கணும்."

"இன்னொரு வெடியா? ஊரு கொந்தளிச்சிரும்லே!"

"கொந்தளிக்கட்டும் சார்!" வெங்கடேஸ்வரி எழுந்தாள். கண்களில் ஒரு வெறி. "எல்லாரும் வரட்டும். குவாரி கேட்டுக்கிட்ட, பாதுகாப்பான தூரத்துல நிக்கட்டும்."

"எதுக்கு?"

"இத்தனை நாளா தூரத்த வச்சு ஆட்டத்தக் கணிச்சேன். இன்னைக்குத் தலைகீழாப் போடப் போறேன். எவ்வளவு மருந்துன்னு தெரியும். கருவி எவ்வளவு ஆடுதுன்னு அதுவே சொல்லிரும். ஆட்டம் தெரிஞ்சா தூரம் தெரியும் சார்!"

ஞானதுரை மீசையைத் தடவினார்.

"பூமிய ஒரு தட்டு தட்டி, 'எங்கடா இருக்க'ன்னு கேக்கப் போறீய?"

"அதேதான்!"

*

குவாரி கேட். எங்கு பார்த்தாலும் தலைகள். மூன்று வண்டிகள் அடுத்தடுத்து நின்றன. போலீஸ் ஜீப். குவாரி முதலாளி வைகுண்டராஜின் வெள்ளைக் கார். பொன்னுராஜின் மைக் செட் ஜீப்.

மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன. அவை நின்றதும் வெங்கடேஸ்வரியின் போனும் அடங்கிவிட்டது.

அவள் மூன்று வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் தரையைச் சுத்தம் செய்து, மாற்றுக் கருவி ஒன்றைப் பதித்தாள். இந்த இடத்துக்கு அவள் கணித்திருந்த அசைவு, நொடிக்கு நான்கு மில்லிமீட்டர்.

"ஒரு உசுரு போனது பத்தாதா? இன்னொரு வெடி கேக்குதோ!" மைக்கில் பொன்னுராஜ் முழங்கினார்.

"நான் என்னய்யா பண்ணுவேன்? மருந்த உள்ள வச்சுக்கிட்டு இருந்தா ஆபத்துய்யா!" வைகுண்டராஜ் கைகளைப் பிசைந்தார்.

முதல் சங்கு.

இரண்டாவது சங்கு.

கூட்டம் மூச்சைப் பிடித்தது.

மூன்றாவது...

தொம்!

காலுக்குக் கீழே ஒரு மெல்லிய ஓட்டம். பூனை ஒன்று பாய்க்கு அடியில் புகுந்து ஓடியது போல. அவ்வளவுதான். தூரத்தில் புழுதி எழுந்தது.

டிங்!

வெங்கடேஸ்வரி பாய்ந்து போனை எடுத்தாள். தரையில் பதித்த கருவி, நான்கு. திருட்டுக் கருவியும் கிட்டத்தட்ட அதே அளவு. அலை வந்து சேர்ந்த நேரமும் அதே. ஒரே ஒரு வித்தியாசம். அலை போன பிறகும் அது ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆடிக்கொண்டே இருந்தது.

"சார்..." போனை ஞானதுரையிடம் நீட்டினாள். "இங்கதான் இருக்கு. நம்ம பக்கத்துல. ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கு. இந்த மூணு வண்டியில ஒண்ணு!"

ஞானதுரையின் பார்வை மூன்று வண்டிகளையும் தடவி வந்தது.

"முதலாளி வண்டியச் சோதிச்சாப் பிரச்சினை இல்ல. ஆனா மைக் செட் வண்டியில கை வச்சா கலவரம்மா. போலீஸே டப்பாவக் கொண்டாந்து வச்சிட்டுன்னு ஒரே போடாப் போட்டுருவாரு அந்தாளு."

"அப்ப எல்லாருக்கும் தெரியிற மாதிரியே பண்ணுவோம் சார்."

பொன்னுராஜ் தடுக்கும் முன் மைக்கை வாங்கினாள்.

"எல்லாரும் கேளுங்க! சமுத்திரம் அண்ணாச்சி வெடியில சாகல. அடிச்சுக் கொன்னு, சுவரத் தள்ளியிருக்காங்க. அங்க இருந்த என் கருவியத் திருடினவன்தான் கொலைகாரன்! அது இந்த மூணு வண்டியில ஒண்ணுல இருக்கு. இன்ஸ்பெக்டர் வண்டியத் தட்டுவாரு. அது எந்த வண்டியில இருக்கோ, அதத் தட்டும்போது என் போன்ல மணி அடிக்கும்!"

கூட்டத்தில் சலசலப்பு. கருத்தம்மா முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"தட்டுங்கய்யா! முதல்ல அந்த முதலாளி வண்டியத் தட்டுங்க!"

ஞானதுரை வெள்ளைக் காரின் பானெட்டில் உள்ளங்கையால் தட்டினார்.

தட்!

அமைதி.

வைகுண்டராஜ் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

போலீஸ் ஜீப். தட்!

அமைதி. ஒரு கான்ஸ்டபிள் பெருமூச்சு விட்டார்.

ஞானதுரை மைக் செட் ஜீப்பை நோக்கி நடந்தார்.

"மக்கள் வண்டியத் தொடாதேயும்!" பொன்னுராஜ் கத்தினார்.

"தட்டத்தான் போறேன் அண்ணாச்சி. ஒடைக்கப் போறதில்ல."

தட்!

டிங்!

அத்தனை தலைகளும் திரும்பின.

"பொய்! இது போலீஸ் நாடகம்!" பொன்னுராஜின் கை, ஸ்பீக்கருக்கு அடியில் கிடந்த தார்ப்பாயின் மேல் தானாகப் போய் விழுந்தது.

அதைக் கருத்தம்மா பார்த்துவிட்டாள்!

போலீஸ் நகரும் முன் ஜீப்பில் ஏறினாள். தார்ப்பாயைச் சுருட்டி எறிந்தாள். பழைய கொடித் துணிகள். நோட்டீஸ் கட்டுகள். அதற்கும் கீழே...

நீல நிற டப்பா! ஒட்டியிருந்த கொட்டகை மண் இன்னும் உதிரவில்லை.

"யாரோ வச்சிட்டான்! சதி! சத்தியமா எனக்கு..."

"வாய மூடுமய்யா!" கருத்தம்மாவின் குரல் மைக் இல்லாமலே மலையில் மோதியது. "இந்தப் பொண்ணு டப்பா நெசத்தத்தான் சொல்லுது, நம்ம வீட்டுக் கீறலுக்கு வெடி காரணமில்ல, கேஸ வாபஸ் வாங்கப் போறேன்னு நேத்துக் காலையில அவிய ஒமக்குத்தான் போன் போட்டாவ. நேர்ல வாரேன், பேசிக்கிடுவோம்னு சொன்னது நீரு! எம் புருசன் பொணத்துக்கு மாலை போட்டு அழுதீரே, பாவி!"

பொன்னுராஜ் ஜீப்பிலிருந்து குதித்து ஓடினார். ஆனால் இதுவரை அவருக்குப் பின்னால் நின்ற கூட்டம் இப்போது அவருக்கு முன்னால் நின்றது. ஒருவரும் வழி விடவில்லை.

ஜோயல் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"ஒருத்தரும் அவர் மேல கை வைக்கக் கூடாது!" ஞானதுரை விலங்கோடு வந்து சேர்ந்தார்.

ஜீப்பில் ஏற்றும் முன்பே உடைந்துவிட்டார் பொன்னுராஜ்.

"குவாரிய மூடுனா குத்தகைய நான் எடுத்திருப்பேன் சார். எல்லாம் பேசி வச்சாச்சு. கடைசி நேரத்துல அந்தாளு நேர்மை கீர்மைன்னு மாட்டேன்னுட்டாரு. கோவத்துல கடப்பாரையால ஒரு அடி... பொறவு சங்கு ஊதிச்சு. ஊத்துத் தண்ணியில ஊறிப் போன சுவரு, கடப்பாரையக் குடுத்து நெம்பினதும் விழுந்துட்டு. டப்பாவக் கண்மாயில போடலாம்னுதான் பாத்தேன்... நேத்துலயிருந்து இந்த ஜனம் ஒரு நிமிசம் என்னையத் தனியா விடல சார்!"

"தலைவர்னா அப்படித்தான் அண்ணாச்சி. ஏறும்."

ஜீப் கதவு சாத்தப்பட்டது.

கருத்தம்மா மெல்ல நடந்து வந்தாள். நேற்று இழுத்த அதே துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெங்கடேஸ்வரியின் தோளில் சாய்ந்து அந்த அம்மாள் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள்.

கூட்டம் கலைந்த பிறகு, நீல டப்பாவைச் சாட்சிப் பொருளாகக் கட்டிக்கொண்டே கேட்டார் ஞானதுரை.

"எனக்கு ஒரு சந்தேகம்மா. நான் எம்புட்டு ஓங்கித் தட்டுனேன்? அந்த லேசான தட்டுக்கே கருவி கண்டுபிடிச்சிட்டே!"

வெங்கடேஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கருவி கண்டுபிடிக்கல சார். வெடி அதிர்வ அனுப்பினதோட அதுக்கு பேட்டரி செத்துப்போச்சு. நீங்க தட்டும்போது அது வெறும் டப்பா!"

ஞானதுரையின் கை அப்படியே நின்றது.

"அப்ப... அந்த 'டிங்'?"

"நான் அடிச்சேன். போன்ல ரிங்டோன் மாத்துற இடத்துல விரல வச்சுக்கிட்டு நின்னேன். நீங்க அந்த ஜீப்புக்கு நடக்கும்போது எல்லாரும் உங்களப் பாத்தாங்க. பொன்னுராஜ் மட்டும் தார்ப்பாயப் பாத்தாரு. அமுக்கிட்டேன்!"

"அட பாவமே! நாளைக்குக் கோர்ட்டுல, மணி அடிச்சது யாருன்னு அவரு வக்கீல் கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்?"

வெங்கடேஸ்வரி ஸ்கூட்டரை உதைத்தாள்.

"பூமாதேவின்னு சொல்லுங்க சார்... அவ ஆண்டாளாப் பொறந்த ஊர் கோர்ட்டுல அவளக் குறுக்கு விசாரணை பண்ண எந்த வக்கீலுக்கு தைரியம் வரும்?"